கிணற்று வாயுவுக்குக் கப்பல் கூலி

டோம்பிவிலி ஸ்டேஷனில் காலை லோக்கலுக்கு நின்றிருந்தேன். எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையின் ஃபோர்மேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நேசமணி சார் போயிட்டாரு. நேத்து சர்ச்சுல, ஆராதனை நடக்கும்போதே நெஞ்சடைப்பு" என்றார். ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

நேசமணி எங்கள் தாணே தொழிற்சாலையில் எரிபொருள் கொள்முதல் பார்த்தவர். நாகர்கோவில்காரர், வீடு மாட்டுங்கா லேபர் கேம்பில். அவர் உட்கார்ந்து தேநீர் குடித்ததை யாரும் பார்த்ததில்லை என்பது, இந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் உலைகள் கப்பலில் வரும் எண்ணெயான பர்னஸ் ஆயிலில் எரிந்தன. குஜராத்தில் எண்ணெய்க் கிணறுகளோடு எரிவாயுவும் கிடைக்கத் தொடங்கியதும், முதலாளி தொழிற்சாலையையே அங்கே மாற்ற நினைத்தார். இங்கே பாதிப் பேருக்கு வேலை போய்விடும். ஒப்பந்த வரைவைப் படித்த நேசமணி நேராக என் மேசைக்கு வந்தார்.

"பாரும் வே. பம்பாயில ஆயில் விலை ஏறினா அங்க கேஸ் விலையும் ஏறுமாம். கிணத்துல வாற கேஸுக்குக் கப்பல் கூலி எதுக்கு?"

வாயு விற்பவர்களிடமே போய்க் கேட்டார். வாயு இல்லையென்றால் நீங்கள் எண்ணெய்தானே எரிப்பீர்கள், அந்த விலைதான் எங்களுக்கு அளவு என்றார்கள். அஸ்ஸாமிலோ வாங்க ஆளில்லாமல் அதே வாயுவை வெட்டவெளியில் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். "சரக்கு ஒண்ணுதான் வே. அந்தந்த ஊர்ல அதுக்குப் பதிலா எதை எரிப்பானோ, அதுதான் விலை" என்பார்.

அங்கே மலிவு நிலைக்காது என்று சொல்லி முதலாளியைத் தடுத்துவிட்டார். ஆனால் வேறொரு கண்ணாடித் தொழிற்சாலை அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, எங்கள் ஆட்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு குஜராத் போயிற்று.

பிறகு போரில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. உலகத்துக் கப்பல்களெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றப் போனதில் கப்பல் கிடைப்பதே அரிதாகி வாடகை ஏறியது. எங்கள் எண்ணெய் விலையும் ஏறியது. குஜராத்தில் வாயு விலை மட்டும் ஏறவில்லை. "உன் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் இரைந்தார். ஓர் உலை அணைந்தது. வேலையிழந்தவர்கள் லேபர் கேம்பில் நேசமணியைக் கண்டால் முகம் திருப்பினார்கள். அவர் உறக்கமில்லாமல் அலைந்தார். "அங்கயும் ஏறும் வே. கொஞ்சம் பிந்தி ஏறும், அவ்வளவுதான்."

மழைக்காலம் முடிந்ததும் அங்கேயும் ஏறியது. "நீங்க சொன்னதே நடந்துடுச்சு சார்!" என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

"அங்க உலையில நிக்கதும் நம்ம ஆளுவதானே வே."

அன்றே முதலாளியிடம் போய், போட்டிக்காரனுக்கும் இனி மலிவு இல்லை என்று வாதாடி, அணைந்த உலையை மூட்டவைத்தார். பின்னால் குஜராத்திலிருந்து வேலையிழந்து திரும்பியவர்களுக்கும் இடம் கேட்டார். சிலருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்களுக்காகக் கடைசி வாரம்வரை செம்பூர், குர்லா என்று தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார்.

நான் சொன்னது சரியாகிப்போகிற நாளில், அதனால் அடிபட்டவன் யார் என்று தேடுகிற ஒரு தவிப்பு இப்போது எனக்கும் உண்டு. அவரிடமிருந்து தொற்றியது. அது ஆறவேண்டாம்.