காருக்குக் கட்டிய புல்மூட்டை

எங்கள் மாமாவின் மீசை நுவரெலியா கார் பார்க்கில்தான் போனது. மழித்தது என்னவோ எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலியடியில், தண்ணீர் பிடிக்க வந்த சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான். ஆனாலும் அது போன இடம் கார் பார்க். இரண்டு கண்ணாலும் பார்த்த சாட்சி நான். அன்றைக்கு என்னை வாயைத் திறக்கவே விடவில்லை. இன்றைக்கு யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொழும்பில் பத்து வருடம் யார் யாருடைய கார்களையோ துடைத்து ஓட்டிவிட்டு, ஒருநாள் தன்னுடையது என்று ஒன்றை ஓட்டிக்கொண்டு இறம்பொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பழைய கார்தான். ஆனால் அந்த வெள்ளிநிறப் பெயின்டில் மருந்துக்குக்கூட ஒரு கோடு கிடையாது. எங்கள் லயத்தின் முதல் கார் அது. பிள்ளைகள் எல்லோரும் கதவில் முகம் பார்த்துப் பல்லைக் காட்டினோம். மாமா ஓடிவந்து எங்கள் மூச்சுப் பட்ட இடத்தைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு அவர் போட்ட சட்டதிட்டங்கள் இருக்கின்றனவே, அப்பப்பா! ஏறுவதற்கு முன் செருப்பைத் தட்ட வேண்டும். கார் பார்க் என்றால் கதவை அவர் மட்டும்தான் திறப்பார். ஒரு கையால் திறந்து, மறு கையால் கதவின் விளிம்பைப் பொத்திப் பிடிப்பார். எதிலாவது இடித்தால் கையில் இடிக்கட்டும் என்பது கணக்கு. வேனுக்குப் பக்கத்தில் நிறுத்த மாட்டார், வேனில் பிள்ளைகள் இருக்கும். பிள்ளைகள் இல்லாத வேனுக்குப் பக்கத்திலும் நிறுத்த மாட்டார், பிள்ளைகள் எங்காவது போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள். ஹட்டனுக்குச் சேலை எடுக்கப் போனால் கடைத்தெருவுக்கு அரை மைல் முன்னாலேயே இறங்கி நடப்போம். "இதுக்கு பஸ்ஸுலயே வந்திருக்கலாம்" என்று அம்மா வழியெல்லாம் முணுமுணுப்பார். ஒருதடவை என் பள்ளிக்கூடப் பையின் கொக்கி கதவில் லேசாக உரசிவிட்டது. கோடு விழவில்லை, ஒன்றும் இல்லை. இரண்டு நாள் மாமா என்னோடு பேசவில்லை. பத்து வயதுப் பிள்ளையோடு இரண்டு நாள்! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவர் எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டுகிற அண்ணன். அவருடைய லொறியில் நெளியாத இடமே கிடையாது. அது அவருக்குப் பெருமை வேறு.

"ஏன்டா மாப்பிள்ள, இது காரா, கண்ணாடிச் சாமானா? அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிரு" என்றார் ஒருநாள் பீலியடியில், எல்லோர் முன்னாலும்.

மாமாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. பேச்சு வளர்ந்து கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. சீசன் நேரத்தில் நுவரெலியாவில் ஒரு பகல் முழுக்கக் காரை நிறுத்திவைத்து, ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்துவிட்டால் லொறிக்கார அண்ணன் மீசையை எடுப்பார். கீறல் விழுந்தால் மாமா எடுக்க வேண்டும். கூட்டம் ஹோவென்று கத்தியது. ஏனென்றால் மாமாவின் மீசை சாதாரண மீசை அல்ல. கார்க் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, தனியாக ஒரு குட்டிச் சீப்பு வைத்து வாரி வளர்த்த மீசை அது. ஏப்ரல் மாதத்து நுவரெலியாவோ பூக்காட்சி, குதிரைப் பந்தயம் என்று கொழும்பே மலையேறி வந்து கிடக்கும் இடம். கார்களுக்கு நடுவே கை நுழையாது. மாமா செத்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவானது. முதல் நாள் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க டீச்சரையும் கூப்பிடேன். பாவம், குவார்ட்டர்ஸுல தனியாத்தானே இருக்காங்க" என்றார். என் வகுப்பு டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பள்ளிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. புதுவருட லீவுக்கு ஊருக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். மாமாவுக்கு இவ்வளவு இரக்க குணமா என்று எனக்கு ஆச்சரியம். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். டீச்சர் வர ஒப்புக்கொண்டார். சேதியைச் சொன்னதும் மாமா அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் காரைக் கழுவினார்.

பந்தயத்துக்கு மாமா செய்த ஏற்பாடுதான் பெரிய ஏற்பாடு. கொழுந்து அள்ளிப் போடுகிற நைலோன் வலைச்சாக்குகளில் கிழிந்து ஒதுக்கியவை நான்கை எடுத்துத் தைத்தார். எங்கள் மாட்டுக்கு அறுத்து வைத்திருந்த பச்சைப் புல்லை அவற்றில் திணித்தார். இரண்டு இரண்டாகக் கயிற்றில் கட்டி, கயிறு கூரையின் மேலே கிடக்க, இரண்டு பக்கக் கதவுகளிலும் மூட்டைகள் தொங்க வேண்டும். கயிறு உரசாமல் இருக்க அடியில் அம்மாவின் பழைய சேலை. யார் வந்து கதவைத் திறந்து இடித்தாலும் மெத்தையில் இடித்த மாதிரி இருக்குமாம்.

"மாட்டுக்கு வைக்கிற புல்ல காருக்கு வைக்கிறியேடா, அது என்ன பாலா கறக்கப் போகுது?" என்றார் அம்மா.

ஞாயிறு காலை லொறிக்கார அண்ணன் டோர்ச் அடித்துக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பம்பருக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். "சுத்தம். போய்ட்டு வா" என்று மீசையைத் தடவிக்கொண்டே அனுப்பிவைத்தார்.

ஏரிக்கரை கார் பார்க்கில் மாமா மூன்று சுற்றுச் சுற்றினார். ஓரத்தில், சீமெந்துத் தூண் ஒன்றின் பக்கத்தில் இடம் அகப்பட்டது. "தூண் கதவு தொறக்காதுல்ல" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எங்களை ஒவ்வொருவராகக் கைபொத்தி இறக்கிவிட்டு, மூட்டைகளை எடுத்துக் கட்டினார். டிக்கெட் கிழிக்கிறவர் வாய் பிளந்து பார்த்தார். பக்கத்து வேனிலிருந்து இறங்கியவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்ன இது? காருக்குக் குளிருதோ?" என்று கேட்டார் டீச்சர்.

காரைப் பற்றி யார் கேலி பேசினாலும் பாய்கிற மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். "சும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தாங்க டீச்சர்."

காவல் முறை போட்டார். முதல் காவல் நான். துணைக்கு நானும் நிற்கிறேன் என்று டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றுவிட்டார். மாமாவும் அம்மாவும் பூக்காட்சிக்குப் போனார்கள். மாமாவால் பத்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை. காரைப் பார்க்க வந்துவிட்டார். போனார். மறுபடி கடலையோடு வந்தார். போனார். மறுபடி அவித்த சோளத்தோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் "கார் நல்லா இருக்கா?" என்று டீச்சரிடம்தான் கேட்டார். காவல் நான் அல்லவா? எனக்குக் கோபமாக வந்தது. சோளத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிற்பகல் நாலு மணி. அம்மா கால் வலிக்கிறது என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமா தேநீர் வாங்கப் போயிருந்தார். அப்போதுதான் ஏரிக்கரையில் சவாரிக்கு விடுகிற மட்டக்குதிரைகளில் இரண்டு, சவாரி முடிந்து சும்மா நின்றவை, தலையைத் தூக்கி மூக்கை விரித்தன. அறுத்த பச்சைப் புல், அதுவும் வலைச்சாக்கில், மணக்க மணக்க நான்கு மூட்டை! பிடித்திருந்தவரின் கையிலிருந்து கயிற்றைப் பறித்துக்கொண்டு இரண்டும் நேராக எங்கள் காருக்கு ஓடி வந்தன.

"மாமா! குதிரை! குதிரை!" என்று நான் போட்ட கூச்சல் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

வெள்ளைக் குதிரை வலது பக்க மூட்டையைக் கவ்வி இழுத்தது. மற்றது தூணுக்கும் காருக்கும் நடுவே தலையை நுழைத்து இடது பக்கத்தில் இறங்கியது. இழுத்த இழுப்பில் கார் ஆடியது. போச்சு, மீசை போச்சு! டீச்சர் குடையை விரித்து வெள்ளைக் குதிரையின் முகத்துக்கு நேரே நீட்டி, "சூ! சூ! அங்காலை போங்கோ! போங்கோ எண்டுறன்!" என்று கத்தினார். அந்த நேரத்திலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குதிரைக்கும் மரியாதை குடுக்குறாங்க பாரு" என்றார்.

மாமா நான்கு தேநீரையும் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். கயிற்றை அறுத்தார், ஒரு மூட்டையைத் தோளில் தூக்கினார், கார் பார்க்கின் நடுவே எடுத்தார் ஓட்டம்! பின்னால் இரண்டு குதிரையும். குதிரைகளின் பின்னால் "மல்லி, நவத்தன்ன, நில்லுங்க!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டு குதிரைக்காரர். கொழும்புச் சனம் கை தட்டியது. பந்தயத் திடலில் அன்றைக்கு இவ்வளவு நல்ல ஓட்டம் நடந்திருக்காது. மூலையில் மூட்டையைக் கொட்டிவிட்டு மாமா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

வந்து, கன்னத்தைக் கதவோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். தூண் பக்கம் பார்த்தார். குதிரை எச்சில் மட்டும் வழிந்தது. கீறல் இல்லை! ஒன்றுகூட இல்லை! மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். உடனே போன் போட்டு, "அண்ணே, பிளேடு வாங்கி வைங்க!" என்று கத்தினார்.

சிந்திக் கிடந்த புல்லை அள்ளி மாமா பின்பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உதவி என்று நினைத்து, அம்மாவின் சேலையை மடித்து உள்ளே வைக்க டீச்சர் இடது பக்கக் கதவைத் தானே திறந்தார். அந்தப் பக்கத்து மூட்டைகளைத்தான் குதிரை தின்றுவிட்டதே. ஏரியிலிருந்து அடித்த காற்று கதவைப் பிடுங்கித் தூணில் அடித்தது.

டொக்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கதவில் கட்டைவிரல் அளவு பள்ளம், நடுவே வெள்ளையாக ஒரு கோடு. டீச்சரின் முகம் வெளிறிப் போனது. "ஐயோ, நான் பாக்கேல்லை. என்னாலைதான்..." என்றார்.

இப்போது மாமா வெடிக்கப் போகிறார் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன். மாமா பள்ளத்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். "அது முன்னமே இருந்ததுங்க டீச்சர். நீங்க ஏறுங்க" என்றார்.

"இல்ல மாமா, இப்பத்தான் டீச்சர்..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிக் கிடந்தது.

வரும் வழியில் டீச்சரைக் குவார்ட்டர்ஸில் இறக்கிவிட்டோம். இருட்டுவதற்குள் லயத்துக்கு வந்தால், பீலியடியில் கூட்டம் காத்திருந்தது. லொறிக்கார அண்ணன் டோர்ச் அடித்துக்கொண்டு வந்தார். இடது கதவில் வெளிச்சம் நின்றது.

"இது என்னடா மாப்பிள்ள?"

"நாந்தான் கதவத் தொறந்தேன். கை தவறிருச்சு" என்றார் மாமா.

அந்த மனிதரின் கை தவறுமா? கதவு விளிம்பைப் பொத்திப் பொத்தியே காய்ப்பேறிய கை! எனக்கு நெஞ்சு கொதித்தது. வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கல்லில் உட்கார்ந்து முகத்தை நீட்டினார். லொறிக்கார அண்ணன் சோப்பு நுரை போட்டு வழித்தார். கூட்டம் சிரித்தது. நான் அழுதேன். மீசை இல்லாத மாமா அடுத்த வீட்டு ஆள் மாதிரி இருந்தார்.

வாயால்தானே சொல்லக் கூடாது? புதன்கிழமை டீச்சர் 'நான் சென்ற ஒரு பயணம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். விடுவேனா? மூட்டை, குதிரை, டொக், எல்லாவற்றையும் எழுதினேன். 'உண்மையில் கதவைத் திறந்தது எங்கள் டீச்சர். ஆனால் மாமா தானே திறந்ததாகப் பொய் சொல்லி மீசையை இழந்தார். பொய் சொல்வது தவறு' என்று முடித்தேன். கையெழுத்துக்கூட அழகாக வந்திருந்தது.

டீச்சர் மேசையில் வைத்து வாசித்தார். வாசித்த பக்கத்தையே மறுபடி வாசித்தார். கொப்பி என் கைக்குத் திரும்பி வந்தபோது மார்க் இல்லை. கட்டுரையே இல்லை! அந்தத் தாளைக் கிழித்தெடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் முறையிட்டேன். கட்டுரையில் என்ன எழுதினேன் என்று கேட்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது.

"கசக்கிக் கிழிச்சாங்களா?"

"இல்ல. அடிமட்டம் வச்சு நேராக் கிழிச்சாங்க."

"குப்பையில போட்டாங்களா?"

"மடிச்சு ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டாங்க."

"நல்லாப் பாத்தியா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சொன்னேன். நாளைக்கே பள்ளிக்கூடம் வந்து எனக்காக நியாயம் கேட்பார் என்று காத்திருந்தால், மனிதர் வாளியை எடுத்துக்கொண்டு, காலையில் கழுவிய காரையே மறுபடி கழுவப் போய்விட்டார். ஒரே விசில். டவுனில் தட்டி எடுத்துத் தருகிறேன் என்று லொறிக்கார அண்ணன் சொன்ன அந்தப் பள்ளத்தை, "அது கெடக்கட்டும்ணே" என்று விரலால் தடவித் தடவித் துடைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. பத்துக்குப் பத்து வாங்க வேண்டிய கட்டுரை அது.