பொட்டு வைத்த கல் கத்திகள்

ஊரில் மற்றவர்கள் நகை சேர்த்தார்கள், சீட்டுப் போட்டுப் பாத்திரம் சேர்த்தார்கள். என் அத்தை கல் சேர்த்தாள். அப்பாவின் தங்கையான அவள் எங்கள் வீட்டோடு இருந்தாள். நூறு நாள் வேலை முடிந்து வரும் பெண்களின் மடியில் கீரையோ சுள்ளியோ இருக்கும். அத்தையின் மடியில் விரலளவு கல் சில்லுகள் இருக்கும். "இது சும்மா கல்லு இல்லடி. இரும்பு வாரதுக்கு முன்னாடி இருந்த ஆளுகளோட ஆயுதம்" என்பாள். நம்பாத அம்மாவின் முன்னால் ஒரு சில்லை எடுத்துக் கத்தரிக்காயை நறுக்கியே காட்டினாள். அதற்குப் பிறகும் அம்மா அரிவாள்மனையைத்தான் நம்பினாள்.

சேர்ப்பதில் அத்தைக்கென்று ஒரு முறை இருந்தது. கல் கிடைத்த அன்று நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம், அது கிடைத்த இடத்தை எழுதுவாள். அந்தத் தாளிலேயே கல்லை மடித்து பிஸ்கட் டின்னில் போடுவாள். தேதிக்குத் தேதியும் ஆயிற்று, உறைக்கு உறையும் ஆயிற்று. கண்மாய்க்கரை, ஐயனார் கோயில் பின்புறம் என்று சில தாள்கள் இருந்தாலும் பெரும்பாலானவற்றில் 'மேட்டுப் பொட்டல்' என்றே எழுதியிருக்கும்.

அந்தப் பொட்டலைத்தான் ரோட்டுக்குக் கிராவல் மண் அள்ள விடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. திருக்கோகர்ணத்தில் இருந்த, கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற ஒரு சாரைப் பிடித்து போனில் பேசினாள். எந்தக் கல் எங்கே கிடைத்தது என்ற விவரத்தோடு கொண்டுவந்தால், பொட்டலில் கை வைக்காமல் நிறுத்தச் சொல்லி கலெக்டருக்குத் தானே எழுதுவதாக அவர் சொன்னார். அன்றிலிருந்து அத்தை அந்த டின்னைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள்.

அதற்குள் ஆயுத பூசை வந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா அரிவாள்மனையையும் மண்வெட்டியையும் கழுவிப் பொட்டு வைத்தாள். அப்பா வண்டியைக் கழுவினார். அத்தை பொரிகடலை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய ஆயுதங்களை மட்டும் யாரும் சீந்தவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. டின்னைக் குழாயடிக்குத் தூக்கிப் போனேன். தாள்களைப் பிரித்து ஓரமாகப் போட்டுவிட்டு, கற்களை ஒரே சட்டியில் கொட்டி, நாரால் தேய்த்துக் கழுவினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக அடுக்கினேன். அத்தை பார்த்தால் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவாள் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் தாள் குவியல் கண்ணில் பட்டது. "தாளு மாறுனா அது வெறுங்கல்லுடி" என்று அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். தெருவில் அவள் குரல் கேட்டதும் அவசர அவசரமாகப் பொட்டுகளை அழித்து, கைக்கு வந்த கல்லைக் கைக்கு வந்த தாளில் மடித்து, டின்னைப் பழைய இடத்தில் வைத்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுபடி பொறுக்க அவளுக்கு ஒரு வாரமாவது கிடைத்திருக்கும். நான் பொரிகடலையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் டவுனுக்குப் போகும் ஆசையில் நானும் அத்தையோடு ஒட்டிக்கொண்டேன். சார் ஊன்றுகோலோடு நடந்து வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளாகப் பிரித்து, படித்து, மேசையில் இடவாரியாகக் கற்களை வைத்தார். பாதியில் அவர் கை நின்றது. இரண்டு சில்லுகளை எடுத்துப் பொருத்தினார். இம்மி பிசகாமல் பொருந்தின.

"ரெண்டும் ஒரே கல்லுல உடைச்சது. ஆனா ஒண்ணு கண்மாய்க்கரை, இன்னொண்ணு பொட்டல்னு எழுதியிருக்கீங்களேம்மா?" என்றார். பிறகு இன்னொரு சில்லை வெளிச்சத்தில் பிடித்து, அதன் பள்ளத்தை நகத்தால் சுரண்டினார். "இதென்ன, குங்குமமா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சார் வீட்டு மின்விசிறியைப் பார்த்தேன்.

"நாந்தான் சார். பூசைக்குக் கழுவிப் பொட்டு வச்சேன். அப்பத் தாளு மாறிப்போச்சு போலருக்கு" என்றாள் அத்தை.

சார் சிரித்தேவிட்டார். கேலியாக இல்லை, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "எந்தத் தாளை நம்பி நான் எழுதுறது? ஒரு தடவை தப்பா எழுதிட்டா அப்புறம் எதையும் நம்ப மாட்டாங்க. மறுபடி பொறுக்கிட்டு வாங்க."

"அதுக்குள்ள லாரி வந்துரும் சார். ஒரே ஒரு தடவை நீங்க வந்து பாத்தீங்கன்னா..."

அவர் தன் முழங்காலைக் காட்டினார். அத்தை கற்களை டின்னில் போட்டு மூடினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அடி விழாமல் தப்பித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே குஷி. கல்லைத் தன் பிள்ளையைப்போல் வைத்திருந்தவள் எனக்காக சார் முன்னால் தன்னை முட்டாளாக்கிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

சொன்னபடியே லாரிகள் வந்தன. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பொட்டலுக்கு ஓடினோம். பொக்லைன் மண்ணை வாரிக் கொட்டும்போதெல்லாம் கைதட்டினோம். கொஞ்ச நேரத்தில் அத்தையும் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். அவளும் லாரி பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம். "இங்கிட்டு வாங்கத்தே, இங்கிட்டு நின்னா நல்லாத் தெரியும்" என்று கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். அத்தை வந்து என் பக்கத்தில் நின்றாள்.