வர்ச்சி தாட

போபோடியில் சித்தப்பா வீட்டு வாஷ்பேசின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அதில் தண்ணீருக்குள் இளஞ்சிவப்பாக ஒரு தகடு, ஓரத்தில் சில பற்களோடு கிடக்கும். பார்க்கிறவர்கள் பொய்ப்பல் செட் என்று நினைப்பார்கள். அது அவருடைய மேலண்ணம். அதை மாட்டாமல் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்துவிடும்.

சித்தப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கட்கியில் தொழிற்சாலை வேலைக்கு வந்து இங்கேயே மராத்திக்காரர்கள் நடுவே ஊன்றிவிட்டவர். தன் மராத்தி மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. சொல் தெரியாத இடத்தில் தமிழைப் போட்டு வாலில் மராத்தியை ஒட்டிவிடுவார். காய்கறிக்காரரிடம் அது செல்லும். கன்னம் லேசாக வீங்கி மேல்தாடை வலித்தபோது பல் டாக்டரிடமும் அதையே செய்தார். "வர்ச்சி தாட துக்தே" என்றார். நடுவில் தமிழ்த் தாடையைச் செருகி, மேல்தாடை வலிக்கிறது என்று சொன்னதாக அவர் நினைப்பு. மராத்தியில் தாட் என்றால் கடைவாய்ப்பல். டாக்டர் மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லைத் தட்டிப் பார்த்தார். அது ஆடியது. பிடுங்கிவிட்டார்.

வலி போகவில்லை. மறுபடி போய் அதே வாக்கியத்தைச் சொன்னார்; பக்கத்துப் பல்லும் போயிற்று. நான் கூட வருகிறேன், நான் பேசுகிறேன் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "ஏல, நீ பொறக்கதுக்கு முன்னேருந்து மராத்தி பேசுதேன். எனக்கே சொல்லித் தருதியா?" என்றார். டாக்டரைத் திட்டலாமென்றால், அவர் காதில் விழுந்ததைத்தானே செய்தார்? கன்னத்தையும் ஒருமுறை அழுத்திப் பார்த்திருக்கலாமே என்ற எரிச்சல் மட்டும் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

பல் போன குழி ஆறாமல் அதில் சதை வளர்ந்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார். முதலில் கிள்ளி எடுத்த சதையில் வெறும் அழற்சி என்று முடிவு வந்தது. சித்தப்பா ஜெயித்தவர்போல வீட்டுக்குக் கிளம்பினார். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா விடவில்லை. ஸ்கேனில் எலும்பு கரைந்திருப்பதைக் காட்டி, இன்னும் ஆழத்திலிருந்து எடுத்து அனுப்பினார். அமெலோபிளாஸ்டோமா என்று வந்தது. பல்லை உருவாக்கும் செல்களிலிருந்து கிளம்பும் கட்டியாம். பெரும்பாலும் கீழ்த்தாடையில்தான் வருமாம், மேல்தாடையில் அபூர்வம். புற்றுநோய் இல்லை, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே கண் வரைக்கும் போய்விடும். சுரண்டி எடுத்தால் திரும்ப வரும். பாதி மேல்தாடையை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். சிறியதாக இருந்தபோதே வந்திருந்தால் அண்ணத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்.

"பல்லுல இருந்து வந்ததுன்னு அந்தம்மாவே சொல்லுது. அப்ப என் மராத்தி சரிதானல?" என்று சித்தப்பா சிரித்தார். எனக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

அறுவையில் கண் தப்பியது. கட்டியும் திரும்பவில்லை. போன வாரம், பரிசோதனைக்குப் போவதற்கு முதல்நாள், தகட்டைக் கழற்றி டம்ளரில் போட்டவரிடம் எங்கே இறுக்குகிறது என்று கேட்டேன். கன்னத்தில் விரலை வைத்து "தாட" என்றார். அண்ணமில்லாத வாயிலிருந்து அது "நாண" என்று வந்தது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கன்னத்திலிருந்த விரலை எடுத்து, டாக்டரிடம் நீயே சொல்லிவிடு என்பதுபோல், என் வாயைக் காட்டினார்.