இயந்திரம் திருத்திய பெயர்

மைமூனாவுக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது. சாய்ந்தமருதில் பெண்பிள்ளை வேலைக்குப் போவதா என்று ஊர் வாயில் கை வைத்த காலத்தில், கல்முனை அச்சகமொன்றில் தட்டெழுத்துக்காரியாய்ப் போய் உட்கார்ந்தவள். ஊர் கதைத்தது, கதைத்துக் களைத்தது. அவள் அசையவில்லை. அப்படிப்பட்டவளையும் ஒரு பெட்டி அடக்கி வைத்திருந்தது.

அச்சக முதலாளி ஜவுபர் ஹாஜியாரின் மருமகன் குவைத்திலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் அது. ஆங்கிலக் கடிதம் அடித்தால் பிழை பார்க்கும். தெரியாத சொல்லைக் கண்டதும் நின்றுகொண்டு, இதுவா என்று வேறொன்றை நீட்டும். முதலாளியின் பெயரையே 'ஜிராஃப்' என்று ஒட்டகச்சிவிங்கி ஆக்கப் பார்த்தது. என்றாலும் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. "வெள்ளக்காரன் செஞ்ச மெஷினுக்குத் தெரியாத இங்கிலீசா உனக்குத் தெரியும்? அது சொல்றதப் போடு புள்ள" என்பார் அவர்.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஒரு காலையில் பாண்டிருப்புச் செல்லத்தங்கம் அச்சகத்துக்கு வந்தாள். இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகன் தங்கரத்தினத்தை விடச்சொல்லி, முகாமில் கொடுக்க ஆங்கில மனு ஒன்றை மைமூனாவிடம்தான் அடித்து வாங்கிப் போயிருந்தாள். இப்போது வந்தது அவனுக்கு மரண அறிவித்தல் அடிக்க.

"அப்பிடி ஒரு ஆளே அங்க இல்லையாம், மகள்."

அந்த நாட்களில் அந்தப் பதிலுக்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் பந்தலும் போட்டாயிற்று. மைமூனா தாளை எடுத்துக் கறுப்புக் கரை கீறி, நடுவில் பெயரை எழுதப் போனாள். விரல் கூசியது.

"கடுதாசியப் பாத்திட்டு வாசல்ல நிண்டவன் சிரிச்சான்," என்றாள் செல்லத்தங்கம். "தாய் புள்ளையக் கேக்கிறதுக்கு ஆரும் சிரிப்பாங்களா?"

மைமூனாவின் பேனா நின்றது. எழுந்துபோய் அந்த மனுவின் பிரதியைத் தேடி எடுத்தாள். மகனின் பெயர் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் 'டேன்ஜரின்' என்று, ஆரஞ்சு போன்ற ஒரு தோடம்பழ வகையின் ஆங்கிலப் பெயர் இருந்தது. அன்று ஊரடங்குக்கு நேரமாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் மெஷின் மறித்தது. அவளும் ஓம், ஓம் என்று விசையை அமத்திக்கொண்டே போயிருந்தாள். பெற்றவள் ஒருத்தி ஒரு பழத்தை விடுதலை செய்யச் சொல்லி மன்றாடியிருக்கிறாள்!

"யா அல்லாஹ்! அம்மா, பேர் பிழை. நான் விட்ட பிழை. அவங்க உங்கட புள்ளையத் தேடவே இல்ல."

செல்லத்தங்கம் ஏசவில்லை. மைமூனாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "அப்ப அவன் இருக்கானா?"

"தெரியா அம்மா. போய்க் கேப்பம்."

ஜவுபர் ஹாஜியார் பாய்ந்து வந்தார். "மெஷின் பிழையெண்டு கதை வெளிய போனா ஆரு இஞ்ச வருவாங்க? முகாம் வாசலுக்குப் போய் வில்லங்கத்த வெல குடுத்து வாங்கப் போறியா? போறண்டா மறுகா இஞ்ச வராத."

"ஓம் எண்டு அமத்தினது என்ட விரல், ஹாஜியார். நான்தான் போகணும்." மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய தட்டெழுத்துப் பொறியை இழுத்துவைத்து மனுவை மறுபடி அடித்தாள். பெயரை மட்டும் எழுத்தெழுத்தாக, மூச்சுவிடாமல் அடித்தாள்.

முகாம் வாசலில், தமிழ் விளங்காத அதே சிப்பாய்தான் நின்றான். செல்லத்தங்கத்தைக் கண்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீட்டிய தாளை அவன் பார்க்கவே இல்லை. துவக்கின் முனையால் தெருவைக் காட்டினான். போ என்றால் போ. இவ்வளவு தூரம் வந்தும் வாசிக்க ஒருவன் இல்லையே என்று மைமூனாவுக்கு அழுகை முட்டியது.

செல்லத்தங்கம் தாளை மறந்தாள், துவக்கையும் மறந்தாள். வயலுக்கு அப்பால் நிற்கிறவனைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

"தங்கரத்தினம்! டேய், தங்கரத்தினம்!"

சிப்பாய் துவக்கை உயர்த்தினான். மைமூனா கண்ணை மூடிக்கொண்டு, சாகும் வேளையில் சொல்கிற கலிமாவைச் சொன்னாள்.

மணல்மூட்டைகளுக்கு அப்பால், தகரக் கொட்டிலுக்குள்ளிருந்து, உடைந்த குரல் ஒன்று வந்தது.

"ஓம் அம்மா! இஞ்சதான் இருக்கன்!"

துவக்கு மெல்ல இறங்கியது. சிப்பாய் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தாளுக்குக் கை நீட்டினான். மைமூனா கொடுத்தாள். பெயரில் விரல் வைத்து அவன் வாசித்தான். இந்த முறை சிரிக்கவில்லை.