ஆறாவது மாடியில் ஏழு பேர்

பினாயில் வாசனை பிடிக்கும் என்று சொல்கிற மனுஷி உலகத்திலேயே ஒருத்திதான் இருப்பாள். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் கழிப்பறை கழுவும் பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். பெண்கள் அவளை அக்கா என்பார்கள். மேலே இருப்பவர்கள் அவளை இன்னதென்று சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இந்தாம்மா" என்பதோடு சரி. தரை துடைக்கச் சேர்ந்து, முட்டி தேய்ந்து, நீலச் சட்டையிலிருந்து சூப்பர்வைசருக்கான சாம்பல் சட்டைக்கு வந்து சேர்வதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. அந்தச் சட்டையை அவளே துவைத்து அவளே இஸ்திரி போடுவாள், வீட்டில் வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

அவள் வீட்டுக்காரரும் அதே கட்டடத்தில்தான் செக்யூரிட்டி. விசில் என்று பட்டப்பெயர். லிஃப்ட் முன்னால் நாலு பேர் கூடி நின்றாலே விசிலை வாயில் வைக்கிற ஆள். தீயணைப்புப் பயிற்சிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது மற்றவர்கள் காலைப் பார்த்துக்கொண்டு நிற்க, முந்திக்கொண்டு கை தூக்கியவர். அதன் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்தால் போதும், ஈரத்துணியோடு சமையலறைக்குள் பாய்வார்.

"அது குழம்புங்க, கட்டடமில்ல. போய் உக்காருங்க" என்பாள்.

"இப்பிடித்தான்டி ஆரம்பிக்கும்" என்பார் அவர், துணியைக் கீழே வைக்காமல்.

கண்கள் வந்தது அதற்கப்புறம். ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு வாசலுக்கு மேலும், மருந்து டப்பா மூடி அளவில் வெள்ளையாக ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு நீளமாக ஏதோ பெயர் சொன்னார்கள். பெண்கள் கண்ணு என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு கண்ணு சூட்டைப் பார்க்கும், ஒன்று புகையைப் பார்க்கும், ஒன்று தண்ணீர் ஒழுகினால் சொல்லும், ஒன்று ஆட்களை எண்ணும். எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, கீழே பாதுகாப்பு அறையில் இருக்கிற பெரிய திரையில் போய் விழும்.

மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். "இனிமே மணிக்கு ஒருதரம் கழுவத் தேவையில்ல. எத்தனை பேரு உள்ள போனாங்கன்னு இதுவே எண்ணும். தேவைப்பட்டா உங்க போனுக்கு மெசேஜ் வரும், அப்ப போனாப் போதும். தீ, கீன்னு ஏதாவது ஆனாலும் உள்ள எத்தனை பேரு மாட்டியிருக்காங்கன்னு இதே சொல்லிடும். ஒரே கண்ணு, ரெண்டு வேலை."

ஒரே கண்ணு, ரெண்டு வேலை. நல்ல சாமர்த்தியம்தான். அக்கா காதில் முதல் வேலை மட்டும்தான் விழுந்தது. தேவைப்பட்டால் போனால் போதும் என்றால், தேவைப்படாத நேரத்தில் இத்தனை பெண்கள் எதற்கு என்று நாளைக்கே கேட்பானே என்று அவளுக்கு அப்போதே பயம். இரண்டாவது வேலையைக் கேட்டுக்கொள்கிற நிலையில் அவள் இல்லை.

அவள் பயந்தபடியே ஆயிற்று. அடுத்த மாதமே மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். திரையைத் திருப்பிக் காட்டினார். "ஆறாவது மாடிக்கு ஆளே போறதில்ல பாருங்க. மேல மூணு மாடிக்கும் சேத்து ஒரு ஆளு போதும். நாலு பேரை நிறுத்திடலாம். யாரு யாருன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா, எனக்கு அவங்களத் தெரியாது."

கொல்வது நான், கழுத்தைக் காட்டுவது நீ என்கிற மாதிரி. அவள் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்திக்குப் புருஷன் ஓடிப்போய்விட்டான். ஒருத்திக்குப் படுக்கையோடு மாமியார். ஒருத்தி கைக்குழந்தைக்காரி. இன்னொருத்தி ரேடியோ. வாய் மூடாத பெண், அதனால் அந்தப் பெயர். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இந்த வேலையை விட்டால் வேறு நாதி கிடையாது. யாரைக் காட்டுவது?

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. ஆறாவது மாடிப் பெண்கள் கழிப்பறைக்கு இரண்டு வாசல். முன்வாசலில் கண்ணு இருக்கிறது. உள்ளே துடைப்பம் வைக்கிற அறை, அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் வேலைக்காரர்கள் படிக்கட்டு. வரைபடத்தில் அது அலமாரி என்று போட்டிருந்ததால் அங்கே கண்ணு வைக்கவில்லை. முன்னால் நுழைந்து பின்னால் இறங்கினால் ஒரு ஆள் கணக்கு ஏறும். பெண்கள் கழிப்பறைக்குள் எந்த மேனேஜர் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்?

ரவுண்டு அடிக்கிறது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் ஒரு ரவுண்டு, வருகிற வழியில் ஒரு ரவுண்டு. "அக்கா, நான் இன்னிக்கு நாலு வாட்டி ஆபீசரம்மா ஆயிட்டேன்" என்று ரேடியோ இடுப்பை வளைத்து நடந்து காட்டுவாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆறாவது மாடியிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜாக வந்தது. நாலு பேரை நிறுத்துகிற பேச்சை மேனேஜர் அப்புறம் எடுக்கவில்லை.

உள்ளே போன கணக்கு மட்டும்தான் வேலைக்கு முக்கியம் என்று அவள் நினைத்திருந்தாள். போனவர்கள் திரும்பி வராத கணக்கும் அந்தக் கண்ணில் ஏறிக்கொண்டிருந்தது, ராத்திரி அதுவாகத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும். இத்தனைக்கும் விசில் ஒருநாள் சாப்பிடும்போதே சொன்னார். "அந்த ஆறாவது மாடி லேடீஸுக்கெல்லாம் வயிறு சரியில்ல போல. திரையில பாக்குறேன், உள்ள போனா வெளிய வர்றதே இல்ல." அவளுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் கூடச் சிரித்தார். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை, யோசித்திருக்க வேண்டும்.

நெருப்பு பிடித்தது காலை டீ நேரத்தில். ஆறாவது மாடி நடையில் இருந்த மின்சாரப் பெட்டிக்குள் வயர் உருகி, கரும்புகை. புகைக்கான கண்ணு உடனே கத்தியது, குறை சொல்ல முடியாது. எல்லோரும் இறங்கி வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் ஏழு பேரும் ஏற்கனவே ஒரு ரவுண்டு முடித்து, அடித்தளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், முதலில் வந்து நின்றார்கள். அக்கா தலை எண்ணிப் பார்த்து மூச்சு விட்டாள்.

அப்போது மேனேஜர் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார். "ஆறாவது மாடி லேடீஸ் டாய்லெட்ல இன்னும் ஏழு பேரு இருக்காங்க."

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பெண்களைப் பார்த்தாள். ஏழு பேரும் குனிந்துகொண்டார்கள். சொன்னால் இன்றைக்கே எட்டு பேருக்கும் சீட்டு கிழியும். தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறது, அவர்கள் போய்ப் பார்ப்பார்கள், யாரும் இல்லை என்று இறங்கி வருவார்கள், யாருக்கு என்ன நஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மேனேஜர் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் வீட்டுக்காரர் குரல். "வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது சார். நான் போறேன்."

அவள் ஓடிப்போய் மேனேஜரின் கையைப் பிடித்தாள். "சார், மேல யாருமில்ல சார். அவரை வரச் சொல்லுங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எப்படி என்று சொல்ல வாய் திறந்தாள். எதிரே ரேடியோ நின்றாள், முகம் வெளுத்து. அக்கா வாயிலிருந்து வந்தது, "யாரும் இருக்க மாட்டாங்க சார்" என்பது மட்டும்தான்.

"ஸ்கிரீன் பொய் சொல்லாதும்மா. தள்ளி நில்லுங்க."

பிறகு சொன்னாள். ரவுண்டு, பின்கதவு, எல்லாவற்றையும் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னாள். அதற்குள் வாக்கிடாக்கி பதில் பேசுவதை நிறுத்திவிட்டது. புருஷன் உள்ளே போன பயத்தில் ஏதோ உளறுகிறாள் என்று இரண்டு பேர் அவளைப் பிடித்து உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். படுபாவிகள், ஒருத்தராவது காது கொடுத்தார்களா?

விசில் செத்துப்போகவில்லை. தீயணைப்பு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுரையீரல் வெந்துவிட்டது என்றார் டாக்டர், இனி படி ஏறக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது. வரவேற்பறையில் ஒரு கூட்டம் போட்டு அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள், கை தட்டினார்கள். கையோடு அந்தக் கண்களையும் புகழ்ந்தார்கள். விசாரித்தவர்கள், அந்த ஏழு பேரும் பின்கதவு வழியாகத் தாங்களே தப்பித்துப் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, பின்கதவுக்கும் ஒரு கண்ணு வைக்கச் சொன்னார்கள். வைத்தார்கள். ரவுண்டு நின்றது, கணக்கு பொத்தென்று விழுந்தது. நாலு பேரையும் நிறுத்திவிட்டார்கள், ரேடியோ உட்பட. யார் யார் என்று இந்த முறை அவளைக் கேட்கக்கூட இல்லை.

அவள் இரண்டாம் முறை வாயைத் திறக்கவில்லை. சம்பளம் வருகிற ஆள் வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று பேசுவார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி. "அந்த ஏழு பேரு யாருன்னு தெரிஞ்சுதா?" யாருக்கும் தெரியவில்லை. அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள், அங்கே வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பெண்களும் சேர்ந்து வந்தார்கள், கையில் ஆரஞ்சுப் பையோடு. உட்கார இடமில்லாமல் தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். "எப்பிடி இருக்கீங்க மாமா?" என்று ரேடியோ கேட்டாள். கேட்டுவிட்டு அவளே வேறு பக்கம் பார்த்தாள்.

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நீங்கல்லாம் வந்துட்டீங்க" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்களுக்காகவா நான் உள்ள போனேன்? யாருக்கோ போனேன். அந்த ஏழு பேருல ஒருத்திக்குக்கூட எட்டிப் பாக்கணும்னு தோணல பாருங்க. நன்றி சொல்ல வேணாம். உசுரோட இருக்கோம்னு சொல்லிட்டுப் போகலாம்ல?"

ரேடியோ வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"வந்திருக்காங்க" என்றாள். "இவங்கதாங்க அந்த ஏழு பேரு. முன்னால போயி பின்னால இறங்குனாங்க, கணக்கு ஏறணும்னு. நான்தான் செய்யச் சொன்னேன். உள்ள யாருமே இல்லங்க."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. பெண்கள் அழுவதைக்கூட அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. பிறகு அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒரு கதவு மட்டும் பூட்டியிருந்துச்சு" என்றார்.

"அது ஃப்ளஷ் உடைஞ்சதுங்க. நாங்கதான் பூட்டி வெச்சோம்."

"உள்ள யாரோ மயங்கிக் கெடக்குறாங்கன்னு நெனைச்சேன். எல்லாக் கதவையும் பாத்துட்டு, திரும்பி வந்து அது முன்னாலயே நின்னேன். பயப்படாதம்மா, நான் வந்துட்டேன், உன்ன விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொல்லிச் சொல்லி தட்டிக்கிட்டே இருந்தேன்டி."