சீற்றில் ஒரு பிழையும் இல்லை

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மன்னாரில் ஆறாம் வகுப்பு வரை தமிழ், கார்ல்ஸ்ரூஹேயில் ஒன்பதாம் வகுப்பு வரை ஜெர்மன், இரண்டையும் ஒழுங்காக முடிக்காதவன் நான். சைக்கிள் கடையில் வேலை. "பின் பிரேக் மாற்றியது, சங்கிலி புதியது" என்று துண்டில் எழுதுவதுதான் இதுவரை நான் எழுதியதில் நீளமானது.

ஆனால் இந்த வருத்தம் (நோய்) வந்தபோது தமிழில் தேடிப் பார்த்தேன். என் வயதுப் பெடியன் ஒருவன் எழுதிய எதுவும் என் கண்ணில் படவில்லை. நண்பன் நிரோதான் எழுதச் சொன்னான். "எனக்குத் தமிழ் வாசிக்க வராது மச்சான். அதால என்னைப் பற்றி நீ என்னவும் எழுதலாம்" என்றான். அந்தச் சலுகைக்காகவே உட்கார்ந்தேன்.

நிரோ இங்கேயே பிறந்தவன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். கணக்கில் புலி, ஏற்றத்தில் எலி. ஒவ்வொரு மலை உச்சியிலும் நான் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவனுடைய தலைக்கவசம் தெரியும்.

இந்த வருடம் ஜூனில் இரண்டு பேரும் சைக்கிளில் பிரான்சுக்குப் போனோம். ரைன் ஆற்றைக் கடந்து ஸ்ட்ராஸ்பூர்க், அங்கிருந்து கால்வாய்க் கரையோடு சவேர்ன், பிறகு வோஜ் மலைச் சரிவு, கடைசியில் திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால் கொல்மார். ஆறு நாள் பயணம்.

கால்வாய்ப் பாதை சப்பட்டை, ஏற்றமே இல்லை. கரையில் மரநிழல், பக்கத்தில் பச்சைத் தண்ணீர், எங்களைவிட மெதுவாகப் போகும் படகுகள். படகுகளை ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்றுவதற்கு நீர்க்கதவுகள் இருக்கும். ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண். நாங்கள் சவேர்னை நெருங்க நெருங்க எண் குறைந்துகொண்டு வந்தது. நாற்பத்தோராம் எண்ணைக் கடந்தபோதுதான் முதல் தடவை உணர்ந்தேன்.

இடது பக்க விதையில் ஒரு பாரம் (விதை என்றால் ஆணின் விந்தகம், எங்கள் பெடியள் சொல்லும் சொல்லை அச்சில் போட முடியாது). வலி இல்லை. ஈரத் துண்டு ஒன்றைக் காற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி.

வேறு யாராவது என்றால் தன்னைத் தொட்டுப் பார்த்திருப்பான். நான் சைக்கிளின் சீற்றைத் (இருக்கையை) தொட்டுப் பார்த்தேன்.

அது என் தொழில். ஒருவர் கடைக்குள் வந்து, இருந்து எழும்பினால் போதும், அவருக்கு எந்த அகலத்தில் சீற் வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ஆகவே என் சீற்றின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினேன். அடுத்த நீர்க்கதவில் ஒரு விரல்கடை பின்னே தள்ளினேன். சவேர்னில் நிரோவின் சீற்றைக் கழற்றி எனக்குப் பூட்டி, என்னுடையதை அவனுக்குப் பூட்டினேன். மிச்சப் பயணம் முழுக்க அவன் முனகிக்கொண்டு வந்தான். எனக்குப் பாரம் போகவில்லை.

திராட்சைத் தோட்டங்களுக்கு வந்த நாள். ஜூனில் திராட்சை பழமாக இருக்காது. பட்டாணி அளவில், பச்சையாக, கல்லுப் போல இருக்கும். நிரோ ஒன்றைப் பிடுங்கிக் கடித்து முகத்தைச் சுளித்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பின்னேரம் கூடாரம் அடித்த இடத்தில் சுடுதண்ணீரில் குளிக்கும்போது என் விரல் ஓரிடத்தில் நின்றது. அதே அளவு. அதே கடினம். அமத்தினாலும் நோகவில்லை.

நோகாததுதான் மோசம் என்று எனக்கு அப்போது தெரியாது. வாசிக்கிற தம்பிமாரே, இதை மட்டும் நினைவில் வையுங்கள். நோகாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

அன்று இரவு முழுக்க நான் நிரோவை விடாமல் பகிடி பண்ணினேன். பயம் வந்தால் எனக்கு வாய் கூடும். அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் ஏழு கிழமை (வாரம்) மருத்துவரிடம் போகவில்லை. மூன்று சீற் மாற்றினேன். நடுவில் பள்ளம் வைத்தது, அகலமானது, தோல் போட்டது. காலையில் எழும்பியதும் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். வேலைக்குப் போவேன்.

என்னை மருத்துவரிடம் அனுப்பியது நான்தான். ஒருநாள் வயதான வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். சைக்கிளில் இருக்க முடியவில்லை, நாலாவது சீற் வேண்டும் என்றார். இப்படியானவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பதிலை அவருக்கும் சொன்னேன்: மூன்று சீற் மாற்றியும் சரிவராவிட்டால் பிழை சீற்றில் இல்லை, மருத்துவரிடம் போங்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் கையில் திருகுசாவியோடு நின்றேன். பிறகு அதை வைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் எடுத்தேன்.

சிறுநீரியல் மருத்துவர் (சிறுநீர்ப் பாதையையும் ஆண் உறுப்புகளையும் பார்ப்பவர்) ஒரு பெண். என் அம்மாவின் வயது இருக்கும். குளிர்ந்த பசையைப் பூசி, ஒலி அலைக் கருவியை வைத்துப் பார்த்தபடி, விடுமுறைக்கு எங்கே போனேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கால்வாயைப் பற்றிச் சொன்னேன். தானும் அங்கே போயிருப்பதாகச் சொல்லத் தொடங்கியவர், வசனத்தின் நடுவில் நிறுத்திவிட்டார். பிறகு அறையில் கருவியின் டிக் டிக் மட்டும்.

எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். வாயில் கிழமைக் கணக்கு வரவில்லை. "நாற்பத்தோராம் நீர்க்கதவிலிருந்து" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சைக்கிளால் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். "உங்கள் சீற்றில் ஒரு பிழையும் இல்லை. இது பெரும்பாலும் புற்றுநோய். விதையை எடுக்க வேண்டும். திங்கட்கிழமை இடம் இருக்கிறது."

அன்று வியாழன். இந்த நாட்டில் கண்ணைக் காட்டுவதற்கு டெர்மின் (மருத்துவரைப் பார்க்கக் குறித்துத் தரும் நேரம்) கிடைக்க நாலு மாதம் காத்திருக்க வேண்டும். எனக்கு நாலு நாளில் கிடைத்தது. அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது.

மறுநாள் விளக்கம் கேட்க வீட்டில் ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார்கள். நிரோவுக்குப் பரீட்சை. டெர்மின் அட்டையைக் கண்டுவிட்ட அம்மா, கேட்காமலே சப்பாத்தைப் போட்டார்.

இங்கே எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அகதியாக வந்த தாய் தகப்பனுக்குப் பிள்ளைதான் வாய். பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவின் எல்லா டெர்மினுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். நல்ல மொழிபெயர்ப்பாளர் என்று சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்பில் ஆசிரியை என்னைப் பற்றி முறைப்பாடு சொல்லக் கூப்பிட்டபோது, "பிள்ளை கெட்டிக்காரன், ஆனா தூரத்தில இருந்து நடந்து வாறதால களைச்சுப் போறானாம், சைக்கிள் ஒண்டு இருந்தா நல்லதாம்" என்று சொல்லித்தான் என் முதல் சைக்கிளையே வாங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் நடுவில் இருந்தேன். ஒரு பக்கம் மருத்துவர், மறுபக்கம் அம்மா. மருத்துவர் புற்றுநோய் என்றார். நான் அம்மாவிடம் குடலிறக்கம் (குடல் இறங்கி வீங்குவது) என்றேன். கவட்டுப் பக்கத்தில் வெட்டி விதையை எடுப்போம் என்றார். கவட்டில் சின்ன ஒப்பரேஷன் என்றேன். பிள்ளை பெறும் விருப்பம் இருந்தால் இன்றைக்கே விந்தை உறையவைத்துச் சேமிக்க வேண்டும் என்றார். உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கோ என்று கேட்கிறார் என்றேன். அம்மா மருத்துவரைப் பார்த்து, "இன்னும் இல்லை" என்று ஜெர்மனில் அழகாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் தனியாகப் போய்ச் சேமித்தேன். அந்த அறையைப் பற்றி நிரோவுக்கு ஒரு மணித்தியாலம் பகிடி சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், வெளியே வந்து சைக்கிளின் பூட்டைத் திறக்கக் கை வரவில்லை.

திங்கள் காலை. வார்ட்டில் பச்சை அங்கியோடு கிடந்தேன். அம்மா என் கட்டில் விரிப்பின் மூலையை இழுத்து மடித்துச் செருகினார். அவருக்கு முதியோர் இல்லத்தில் வேலை. விரிப்புச் சுருங்கியிருந்தால் பொறுக்காது.

ஒப்பரேஷன் அரை மணித்தியாலம்தானாம், குடலை உள்ளே தள்ளித் தைப்பதுதானாம் என்று தொடங்கினேன்.

"காணும் மகன், விடு" என்றார் அம்மா. "குடலிறக்கத்துக்கு ஆரும் பேரப்பிள்ளை கேக்கிறேல்லை."

அம்மா தலையணையைத் தட்டி நிமிர்த்தினார்.

"பன்னிரண்டு வருசமா வயசுபோன சனத்தின்ர கட்டில் துடைக்கிறன். அந்தச் சொல்லை நீ எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை."

"அப்ப ஏன் எல்லா இடத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்கள்?"

"நீ பக்கத்தில இருந்தா எனக்குப் பயம் குறைவு. அதுக்குத்தான்." விரிப்பின் அடுத்த மூலைக்குப் போனார். "அந்தச் சைக்கிளும் ரீச்சர் சொல்லி வாங்கினதெண்டு நான் நம்பினனான் எண்டு நினைச்சியோ?"

என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது சிரித்துக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் போனேன். மயக்க மருந்து கொடுப்பவர் எனக்குக் குளிர்கிறது என்று நினைத்து இன்னொரு போர்வை தந்தார்.

எடுத்ததை ஆய்வுக்கு அனுப்பினார்கள். செமினோமா என்று வந்தது (விதையில் வரும் புற்றுநோய்களில் ஒன்று, நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் குணமாக்கலாம்). 'பெரும்பாலும்' என்ற சொல்லோடு படுத்து எழும்பிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

பிறகு உடம்பில் நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் சிடி (உடம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுப்பது). நரம்பில் மருந்து ஏற்றும்போது காற்சட்டை நனைந்துவிட்ட மாதிரி ஒரு சூடு வரும். பயப்படாதீர்கள், நனைவதில்லை. நான் குனிந்து பார்த்துவிட்டேன்.

இரத்தம் நல்லது. நுரையீரல் சுத்தம். ஆனால் முதுகெலும்புக்கு முன்னால், வயிற்றின் ஆழத்தில், ஒரு நிணநீர்க் கணு (கிருமிகளை வடிக்கும் சின்ன முடிச்சு) எட்டு மில்லிமீற்றர். அது சும்மாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறது, எட்டுக் கிழமையில் திரும்ப எடுப்போம், வளர்ந்திருந்தால் மருந்து ஏற்றுவோம் என்றார் மருத்துவர். இந்தத் தடவை நான் தனியாகப் போயிருந்தேன்.

வீட்டில் எல்லாம் சுத்தமாம் என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார். அடுத்தது எப்ப என்று மட்டும் கேட்டார். வழமையான பரிசோதனை, எட்டுக் கிழமையில் என்றேன். சரி என்றார். அந்த முடிவுக் கடிதத்தைச் சீற்றுக்குக் கீழே தொங்கும் சின்னப் பையில், ஒட்டுப் போடும் சாமான்களோடு வைத்தேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். அம்மா சைக்கிளைத் துடைப்பார், வீட்டில் எதைத்தான் துடைக்காமல் விடுகிறார், ஆனால் ஒட்டுப் பையில் அவருக்கு என்ன வேலை.

ஒரு தடவை பிடிபட்டவன் திரும்பவும் ஏன் அதையே செய்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியாது. அவருக்கு முன்னால் அந்த எட்டை வாயால் சொன்னால் அது ஒன்பதாகிவிடும் போல ஒரு பயம். அம்மா தமிழ் நன்றாக வாசிப்பார். ஆகவே இதை அவருக்குக் காட்டப் போவதில்லை.

ஆறு கிழமை சைக்கிள் ஓடக் கூடாது என்றார்கள். கடையில் கதிரை போட்டு இருந்து மற்றவர்களுக்கு உத்தரவு போட்டேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. ஏழாவது கிழமை முதல் நாள் பத்து நிமிடம் ரைன் கரையில் ஓடினேன். ஒரு பக்கம் சரிந்து விழுவேன் என்று முட்டாள்தனமாகப் பயந்தேன். விழவில்லை. சீற் முன்பு போலவே இருந்தது. நான்தான் மாறியிருந்தேன். முன்பெல்லாம் உடம்பு என்றால் எனக்குத் தொடையும் மூச்சும்தான். இப்போது உள்ளே, நான் காணாத ஓரிடத்தில், பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று என்னோடு சேர்ந்து ஓடுகிறது. பள்ளத்தில் சில்லு விழும்போது அதற்கு நோகுமோ என்று நினைக்கிறேன்.

நேரமும் மாறிவிட்டது. முன்பு ஒரு நாள் என்றால் எண்பது கிலோமீற்றர். இப்போது அந்தக் கால்வாய் மாதிரி: அடுத்த சிடிக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஒவ்வொரு காலையும் ஓர் எண், ஒவ்வொரு நாளும் ஒன்று குறைகிறது. ஏற்றத்தில் பயப்பட நேரமில்லை, மூச்சுத்தான் வாங்கும். சப்பட்டைப் பாதையில்தான் எல்லாம் நினைவுக்கு வரும். இன்றைக்கு எண் பதினேழு. சிடி வரும் அந்தக் கிழமை தனக்கு வேலையில் லீவு கிடைத்திருக்கிறது என்று அம்மா நேற்றுச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், சுடுதண்ணீரில் குளிக்கும்போது, இரண்டு பக்கத்தையும் விரலால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். வெட்கமாக இருந்தால் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் சீற் மாற்றாதீர்கள்.

இதுவரை எழுதியதை நேற்று நிரோவுக்கு அனுப்பினேன், அவனைச் சீண்டத்தான். "உன்னை எலி எண்டு எழுதியிருக்கிறன், முடிஞ்சா கண்டுபிடி" என்று கீழே போட்டேன். இன்று காலை அவனிடமிருந்து ஒரு வரி வந்தது:

"எனக்கு வாசிக்க வராதெண்டு தெரியும்தானே மச்சான், உன்ர அம்மாவைக் கொண்டுதான் வாசிப்பிச்சனான், அந்த எட்டு மில்லிமீற்றர் வந்த இடத்தில அவ கொஞ்சமும் தடக்கேல்லை."