கூரை வரை எட்டாத சுவர்

பண்டாரவளையில் மரக்கறி மூட்டை சுமந்தேன். எல்லயில் வெள்ளைக்காரர்களுக்குப் படுக்கை விரித்தேன். கொழும்பில் ஒரு கடையில் மூன்று மாதம், இன்னொன்றில் மூன்று நாள். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னைத் தேடிக் கடைசியில் பல்கலைக்கழகமே கைத்தொலைபேசியில் வந்தது. படிப்பில்லாதவர்களும் சேரக்கூடிய சமூக அபிவிருத்திப் பாடநெறி. சேர்ந்தேன், பரீட்சையில் இரண்டு முறை தவறினேன். மூன்றாவது முறையும் தவறினால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

பரீட்சை விதிகளை எழுதியவர் பெரிய வீட்டுக்காரராக இருக்க வேண்டும். தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஆளரவமில்லாமல் எழுத வேண்டுமாம். கமராவும் மைக்கும் திறந்தே இருக்கும். வேறு குரல் மூன்று தடவை கேட்டால் பரீட்சை தானாக மூடிக்கொள்ளும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. கட்டியவர்களுக்குப் பாதியில் கல் தீர்ந்ததோ என்னவோ. அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். சிக்னல் கிடைப்பதும் அந்தச் சுவரின் மூலையில்தான்.

எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் ஏறும். மாதக்கணக்கில் மாலைதோறும் கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம், கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்கா ரொட்டி தட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு ஆட்களைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு அக்காவிடமும் சொன்னேன்.

"பத்து மணியிலேருந்து சத்தம் போடாதீங்கக்கா."

"நா எதுக்குடா சத்தம் போடப்போறேன்? நீ கத்தாம இருந்தா போதாதா?"

முதல் கேள்வி ஒருவழியாக முடிந்தது. இரண்டாவது, தகுந்த வீடொன்றின் ஐந்து அம்சங்கள் எவை? பழக்கதோஷத்தில் வாய்விட்டே வாசித்துவிட்டேன். தண்ணீர், வெளிச்சம், காற்று, மலசலகூடம் என்று முணுமுணுத்தபடி நான்கை எழுதினேன். ஐந்தாவது வரவில்லை.

சுவருக்கு மேலாக வந்தது.

"அந்தரங்கம்!"

திரையில் சிவப்பு எழுத்து: உங்கள் அறையில் இன்னொருவர் இருக்கிறார். முதலாம் எச்சரிக்கை.

"அந்தரங்கம்டா தம்பி! நேத்துக்கூட கத்துனியே!"

இரண்டாம் எச்சரிக்கை.

இன்னும் ஒரு சொல் வந்தால் மூன்று முறைப் படிப்பும் போச்சு. வாயை மூடச் சொன்னால் "ஏண்டா?" என்பார். பேசாமலிருந்தால் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து மறுபடி உதவுவார். அந்தரங்கம் என்று எழுதிவிட்டு, வயிறார உண்டவன்போல "ம்ம்ம்" என்று நீட்டினேன். அக்கா அடங்கினார். மிச்ச நேரமெல்லாம் விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கொருமுறை திருப்தியாக முனகினேன். இயந்திரம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நாற்பது புள்ளி எடுத்தால் சித்தியடையலாம். எனக்கு நாற்பத்தொன்று. வீட்டில் சொல்லி முடிப்பதற்குள் சுவர் கேட்டது.

"நா சொன்னத எழுதுனியா?"

"எழுதுனேன்க்கா."

"பொறவென்ன. அடுத்த பாடத்தயாச்சும் கொஞ்சம் சத்தமாப் படி. ரொட்டி தட்டுற சத்தத்துல பாதி கேக்கல."